அதிகம்

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு
குடவாசல் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன்,
சீசனுக்கு மட்டும்.

ஆதிக்கம் என்ற சொல்லுக்கு
வேர் பார்த்திருக்கிறேன் ஒருமுறை.
வடக்கிலிருந்து வந்த 'அதிகம்'தான்
முதலெழுத்தை நீட்டிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறது.
வேறொன்றுமில்லை. கூடுதல்.

குத்தகை அளக்கையில் மரக்கால்மேல் கோபுரம்,
கூலி அளக்கையில் தலைதட்டு.
இந்த ஊரில் அகராதி
அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இன்று தராசில் மாரிக்கண்ணுவின் மூட்டை.
சிவப்பு எண் நாற்பதில் நின்ற பிறகும்
இன்னொரு முறம் சரித்தான் சுமைக்காரன்.
"ஈரப்பதம்" என்றேன்,
நிமிராமல்.

அவள் சாக்குக்குள் கைவிட்டாள்.
ஒரு பிடி நெல்லை எடுத்து
மடியில் முடிந்துகொண்டாள்.
"அதிகமா இருக்கு சார்."

சுமைக்காரன் என்னைப் பார்த்தான்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
நாற்பது என்றே எழுதினேன்.
மேலே போனதற்குப் பட்டியலில்
கட்டம் கிடையாது,
கீழே வந்த ஒரு பிடிக்கும்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.
தார்ப்பாய் இழுக்க எல்லோரும் ஓடினோம்,
அவளும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.
என் செருப்புக்குள் ஒரு நெல்
குத்திக்கொண்டே வந்தது.
உதற நேரமில்லை.