ஓடில்லாதவை

கிரீனாக்கில் மழை நின்றால்
அடுத்த மழைக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள்.
ஜூன் மாதம். லெட்டூஸ் இலைகள்
விடிந்து பார்த்தால் சல்லடை.

இதற்கொரு வழி புத்தகத்தில் இருந்தது.
இஷ்பெல் சத்தமாக வாசிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தினாள்.
என்ன, என்றார் டூகி.
"கிண்ணத்தைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து
பீர் ஊற்றி வைக்க வேண்டுமாம்.
வாசனைக்கு வந்து, உள்ளே விழுந்து,
மூழ்கிச் செத்துப்போகுமாம் நத்தைகள்."

ஒன்பது பேர் நின்றிருந்தோம்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
டூகிதான் ஆரம்பித்தார்,
இருமலா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை.
"என்னையும் அப்படித்தான் பிடித்தார்கள்."
மண்வெட்டிகளில் சாய்ந்து சிரித்தோம்
விலா நோக.

சரி, யார் போய் வாங்குவது?
நூற்று நாற்பது நாள் ஆன நானா?
பன்னிரண்டு நாள் ஆன லாக்லனா,
கடைக்குப் போன கால் திரும்புமா என்று
காலுக்கே தெரியாதவன்?
நான் வாங்கி வருகிறேன், அரைப் புட்டி போதுமே
என்றாள் செவிலி, நல்லவள்.
அரை என்கிற அளவு
எங்கள் கணக்கிலேயே கிடையாது.

ஆகவே கையால் பொறுக்குவதென்று முடிவானது.
இரவு பத்தரைக்கு அவை வெளியே வரும்.
அந்தப் பத்தரையை எனக்கு நன்றாகத் தெரியும்.
இருட்ட மனமில்லாத வானத்தின் கீழ்
ரயில் பாதை ஓரம் நாங்கள் குனிந்து, ஒரு வாளி, இரண்டு டார்ச்.

லாக்லன் கை நடுங்கியது.
பாத்தி முழுக்க வெளிச்சமும் நடுங்கியது.
நத்தைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.
ஓடும் இல்லை, ஒளிய இடமும் இல்லை,
தொட்டால் மட்டும் சுருங்கி
ஒரு விரல்கணு அளவு ஆகிவிடுகின்றன.
அந்தப் பிசுபிசுப்பு சோப்புக்குப் போகாது.
மறுநாள் தேநீர்க் கோப்பையிலும் இருந்தது.

அறுபத்து மூன்று.
உப்புப் போடலாம் என்றார் ஒருவர்.
ஒருவருக்கும் கை வரவில்லை.
வேலிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினோம்.
திரும்பி வந்துவிடும், என்றாள் இஷ்பெல்,
அதையும் புத்தகம் சொல்லியிருக்கிறது.

வியாழன் லாக்லன் வரவில்லை.
வெள்ளி வரவில்லை.
அவன் டார்ச்சை யாரும் எடுக்கவில்லை,
ஒற்றை வெளிச்சத்தில் பொறுக்கினோம்.

சனியன்று கேட்டருகே நின்றான்,
உள்ளே வராமல், நனைந்து.
"மறுபடி ஒன்று" என்றான்.
டூகி வாளியின் கைப்பிடியைத் துடைத்தார்,
மெல்ல, தேவைக்கு மேல் நேரம் எடுத்து,
பிறகு நீட்டினார்.