நனைக்கக் கூடாது

வெள்ளிக்கிழமை ஊசி குத்தி எடுத்தார்கள்.
திங்கட்கிழமை சொல்வார்களாம்.
நடுவில் ஒரு ஞாயிறு
பாகாயத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்
ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் வந்திறங்கிய
பதினோரு சொந்தங்களோடு
என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

எத்திராஜ் மாமாதான் ஆரம்பித்தார்:
"இம்மாந்தூரம் வந்துட்டு அமிர்தி பாக்காம போனா இன்னா அர்த்தம்?
ஃபால்ஸ்ல தண்ணி கீதாம்."
நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்
துண்டு தேடத் தொடங்கினார்கள்.

அடுக்கம்பாறை, கணியம்பாடி.
மேஜிக் வண்டியில் பிரியாணித் தூக்கு ரேணுகா மடியில்.
கத்தரிக்காய்த் தொக்கு எண்ணெய் கசிந்து
புதுச் சேலையில் சின்னதாக ஒரு இலங்கை வரைந்தது.
யாரும் ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை.
பாலாற்றில் வெள்ளம் போன வருசத்தைச் சொன்னார்கள்.
எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமல்
எந்தப் பயணமும் முடிவதில்லை.

ஜன்னலோரம் வச்சலா, என் தங்கை.
ஆரணியில் ஜெராக்ஸ் கடை.
ஊரில் பாதிப்பேர் ஆதார் அவள் கைபட்டதுதான்.
அவள் கழுத்தை
யாரோ மெஷினில் படுக்கவைத்து நகலெடுத்தார்கள்.
வலதுபுறம் வெள்ளைப் பிளாஸ்திரி.
மூன்று நாளைக்கு நனைக்கக் கூடாது.

மான், மயில், அப்புறம் முதலை.
முதலை அசையவே இல்லை.
"சிமெண்டா?" என்றான் மாமாவின் பேரன் மோனிஷ்.
காட்டுக்குள் பாறை பாறையாக ஏறிப்போனால்
இருந்தது அருவி.
ஒரு தலை நனைய ஏழு தலை காத்திருக்க வேண்டும்.
"இவ்ளோதானா" என்றார் மாமா,
காசு கொடுத்து வாங்கியது எடை குறைந்த மாதிரி.
பிறகு முதல் ஆளாக நுழைந்து
ஐயோ அம்மா என்று கத்தினார்.

"நீதான் குளிக்கலியே, இத வச்சுக்கோ."
கைக்கடிகாரங்கள், நாலு போன்,
ரேணுகாவின் கம்மல், திருகாணி தனியாக,
பச்சைக்கல் மோதிரம், வண்டிச் சாவி,
கைக்குட்டையில் சுற்றிய மாமாவின் பல்செட்டு.
பாறைமேல் உட்கார்ந்தவளின் மடி
ஒரு அடகுக்கடை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், எதிர்ப் பெஞ்சில்
கொல்கத்தாவிலிருந்து வந்த ஒருத்தி
தண்ணீர் பாட்டிலை நீட்டி
ஒரே ஒரு சொல் கற்றுத் தந்திருந்தாள்.
அருவியைப் பார்த்து வச்சலா அதை மெல்லச் சொன்னாள்:
ஜோல்.
பிள்ளைகள் பிடித்துக்கொண்டன.
ஜோல் ஜோல் ஜோல் என்று
பாறைக்குப் பாறை தாவின.
நாங்கள் அந்தப் பக்கம் இலை போடப் போனோம்.

திரும்பும்போது இருட்டு.
வண்டியின் மஞ்சள் விளக்கில் மடியைப் பிரித்தாள்.
யாரையும் கேட்கவில்லை.
அதது அவரவர் கையில்,
திருகாணி உட்பட.
கடைசியில் ஒன்று மிஞ்சியது.
கறுப்பு வார், சின்ன முகம்.
யாருது, யாருது.
பதினோரு மணிக்கட்டும் இல்லை என்றன.
"என்னுதுதான்" என்றாள்.

குளிக்காதவள் எதற்குக் கழற்றினாள்?

எதிர் சீட்டில் மோனிஷ்
நான் வாங்கித் தராத ஒரு சாக்லேட்டை
யாருக்கும் பங்கு வைக்காமல்,
யார் கண்ணையும் பார்க்காமல்
தின்றுகொண்டிருந்தான்.
அடகுக்கடைக்குச் சற்றுநேரம் காவல் இருந்த கூலி.

என் தோளில் சாய்ந்தாள்.
பிளாஸ்திரியின் கீழோரம்
ஒட்டாத தபால்தலைபோலச் சுருண்டிருந்தது.
கொண்டைக்குள்ளிருந்து குளிர்ந்து ஒரு சொட்டு
என் கழுத்தில் இறங்கியது,
வலதுபுறம்.
நான் துடைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

கணியம்பாடி தாண்டியதும் மாமா சொன்னார்,
பல்செட்டைச் சரிசெய்துகொண்டு:
"தண்ணி நெறைய வரச்சொல்ல
இன்னொரு வாட்டி எல்லாரும் வரணும்."
எல்லாரும் என்ற சொல்
வண்டிக்குள் உட்கார இடமில்லாமல் நின்றது.
டிரைவர் கியர் மாற்றினார்.
ரேணுகா எண்ணெய்க் கறையைச் சுரண்டினாள்.

"ஐப்பசியில வாங்க மாமா" என்றாள் வச்சலா,
"மழை விட்ட மறுநாள்."