வலது கால் கியர்

சென்னைக்காரர் ஒருவர்
அரிச்சல்முனை மணலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது
கடல் ஏறிய வண்டி.
ஈசியூ பெட்டிக்குள் தண்ணீர் குடிவந்துவிட்டது.
இன்சூரன்ஸ் ஆள் செத்ததென்று எழுதிக் கொடுத்தான்.
முன் ஃபோர்க்கின் உயரத்தைப் பார்த்துவிட்டு
நான் அதை ஏலத்தில் எடுத்தேன்.

வாலிநோக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவள் நான்.
உப்பு எதைத் தின்னும், எதைத் தின்ன எத்தனை மழைக்காலம் ஆகும்,
ஓரளவு தெரியும்.
வார்ப்பிரும்பைத் தின்ன அதற்குப் பொறுமை வேண்டும்.

என்ஜின் முதுகுளத்தூரில் கிடைத்தது,
மிளகாய் மண்டியின் பின்கட்டில், சாக்குக்கு அடியில்.
எழுபத்து நாலாம் வருஷத்துப் புல்லட்.
கியர் வலது பக்கம்.
அதற்காகத்தான் இவ்வளவும்.

திருப்புல்லாணி வளைவில் ஒரு லாரி
என் இடது பாதத்தைப் பாதியாக்கிப் பதினொரு வருஷம்.
கீழே மிதிக்கும். மேலே தூக்காது.
இந்தக் காலத்து வண்டியெல்லாம்
இடது பாதம் தூக்கினால்தான் இரண்டாவது கியர் தருகிறது.

"குதிகால் கியர் வெல்டு பண்ணித் தர்றேன்க்கா, முந்நூறு ரூவா"
என்றான் சேகு நெய்னா.
மண்டபத்தில் விசைப்படகு என்ஜின் இறக்குகிறவன்.
குதிகாலை அழுத்து என்றேன். அழுத்தினான்.
விரல்கள் எங்கே போகிறது பார் என்றேன்.
மேலே போயிருந்தன.
அப்புறம் அவன் முந்நூறு ரூபாயைப் பற்றிப் பேசவில்லை.

மீன்பெட்டித் தெர்மாகோலை அறுத்து
என்ஜின் தட்டுக்கு அச்சு எடுத்தோம்.
எட்டு மில்லி இரும்பில் வெட்டினோம். தப்பு.
திரும்ப வெட்டினோம்.
செயின் பதினொரு மில்லி விலகி நின்றது.
உடைத்த வல்லம் ஒன்றின் துடுப்புத் தண்டில்
வெண்கலத்தைக் கடைந்து அந்த இடைவெளியை அடைத்தான்.
பின் பிரேக்கை இடது பக்கம் மாற்ற
இரண்டடி நீளக் குழாயும் ஒரு வாரச் சண்டையும்.
கால்மிதியை மடக்காமல் கிக்கர் இறங்காது.
மடக்கும்படி செய்தோம்.

முதல் உதை ஒன்றுமில்லை.
எட்டாவதில் பிடித்தது.
சிலிண்டர் இடுக்குகளில் உறைந்திருந்த முண்டு மிளகாய்த்தூள்
சூடேறியதும் எழுந்து வந்தது.
ஐஸ் உடைக்கிற பையன்கள், வலை தைக்க வந்தவர், எதிர்க்கடை டீ மாஸ்டர்,
பட்டறையே தும்மிற்று.
நெய்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு
"அழுவலக்கா" என்றான்.
நானும் அழவில்லை.

ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில்
சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் அடுத்தடுத்து எழுதி
அந்த அம்மாள் நிமிர்ந்தார்:
"இதுல எதுங்க வண்டி?"
நெய்னா என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
கோப்பு நடந்துகொண்டிருக்கிறது.
வண்டி கொஞ்சம் முன்னால் போகிறது.

கட்ச் வரை போவதாக எண்ணம்,
கரையை விட்டு விலகாமல்.
அங்கே உப்பு வேறு வெள்ளையாம்.
அதற்கு முன்னால் மூக்கையூர், நரிப்பையூர்.
பனைகளுக்கு நடுவே சாலை முடிந்து
மணல் தொடங்குகிற இடம்.

ஒன்று மேலே, மூன்று கீழே.
வலது கால் புதிதாகப் படிக்கிறது,
பழைய பாடத்தில் தப்பும் பண்ணுகிறது.
இடது கால் மிதிக்கிறது. அதற்குத் தெரிந்தது அதுதான்,
கேட்பதும் அதுதான்.
ஒடைமர முள்ளில் சேலை உலர்த்திய ஒருத்தி
கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்க்கிறாள்.
அதிர்வில் கண்ணாடிக்குள் கடல் இரண்டாகத் தெரிகிறது.

முன்னால், ஒயரை மாற்றியதும் உயிர் வந்த அந்தச் சின்னத் திரை
இன்னும் தன் பழைய என்ஜினைத் தேடுகிறது.
ஆரஞ்சு விளக்கைப் போட்டுப் போட்டுச் சொல்கிறது:
என்ஜின் இல்லை, என்ஜின் இல்லை.

அறுபதில் போகிறோம்.
நெய்னா அதைப் பிடுங்கிவிடவா என்று கேட்டான்.
இருக்கட்டும் என்றேன்.