காரணம்: அழகு

படிவத்தில் ஒரு கட்டம்:
சிகிச்சை பெறுவதற்கான காரணம்.
வலி என்று எழுதியிருக்கலாம்.
கூச்சம் என்றும் எழுதியிருக்கலாம், பொய்யில்லை,
கிணற்றுத் தண்ணீர் பட்டால்
மேல்வரிசை இடதுபக்கம் கரண்ட் ஓடும்.
பேனையைப் பிடித்தபடி கொஞ்சநேரம் இருந்தேன்.
கீழே சைக்கிள் கடையில் யாரோ ரியூப்புக்குக் காற்றடித்தார்கள்.
ஏ ஒன்பதில் யாழ்ப்பாண பஸ் கத்திக்கொண்டு போனது.
அழகுக்கு, என்று எழுதினேன்.
எழுதிவிட்டு உள்ளங்கையால் மூடினேன்,
சோதனையில் விடையை மறைப்பதுபோல.

கிளிநொச்சியில் தண்ணி பில் கட்டுகிற கவுண்டரில்
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் நான்.
மிச்சக்காசு கொடுக்கும்போது சிரிக்க வேண்டும் என்று
ஒரு சுற்றறிக்கை உண்டு.
உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பேன்.
முகக்கவசம் போட்ட இரண்டு வருஷமும்
துணிக்குள்ளே வாய் நிறையச் சிரித்தேன்.
கழற்றலாம் என்று செய்தி சொன்ன இரவு
ஊரெல்லாம் நித்திரை, எனக்கில்லை.

யோகராணி மச்சாள் கணக்குப் பார்த்தாள்:
"சீட்டுக்காசுக்கு நாகு ஒண்டு வாங்கலாம்.
நாற்பத்தாறு வயசில ஆருக்குக் காட்ட, விஜயரூபி?"
நாகு நல்லதுதான்.
மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது,
வெறும் முரசு.
அது வெட்கப்பட்டதை நான் கண்டதில்லை.

டொக்டர் ஹசந்தி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவார்.
போனில் படித்த தமிழ்.
சுவர்ப் படத்தில் ஈறு என்று போட்டிருந்தது.
"முரசு மேல ஏறிப்போச்சு டொக்டர்" என்றேன்.
முரசைத் தேடினார்.
யானைமேல் கட்டிய பெரிய தோல்வாத்தியம் ஒன்று
போனில் வந்து நின்றது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
வாயை மூட மறந்து சிரித்தேன்.
அந்த ஒரு நொடியில்
அவர் என்னைச் சோதித்து முடித்துவிட்டார்.

எங்கட தண்ணியில சுண்ணாம்பு, கேத்தலிலயும் படியும் என்றேன்.
"தண்ணி பிழை இல்ல. கை பிழை."
பிரஷ் ஒன்றைத் தந்து தேய்க்கச் சொன்னார்.
தேய்த்தேன்.
"இது பல்லு. சட்டி இல்ல."

செட்டிகுளத்துக் குழாயடியில்
முதுகுக்குப் பின்னால் நூறு வாளிகள் நிற்க
ஒரு நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் தேய்த்துவிடப் பழகிய கை.
அதைச் சொல்லவில்லை.
வாய்க்குள் பஞ்சு இருந்தது.

முதலில் சுரண்டல். மூன்று மாதம் மெதுவாகத் தேய்க்கப் பழக்கம்.
பிறகு ஊசி.
மேலண்ணத்திலிருந்து நகத்தளவு சதை எடுத்து
வேர் தெரிந்த இடத்தில் வைத்து
தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைத்தார்.
விறைத்த வாய்க்குள் நூல் போய்வருகிற சத்தம்,
சத்தம் இல்லை, இழுவை மட்டும்.
கோடியில் கழற்றின ஓட்டை
முன்வாசலுக்கு மேய்கிறார்கள்
என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பத்து நாள் ஆறின கஞ்சி.
உறைப்பில்லை, நண்டில்லை.
முதல் நாட்களில் அந்த இடம் வெள்ளையாய், செத்ததுபோல.
டோர்ச் அடித்துக் காலையும் மாலையும் பார்த்தேன்.
'உதடு தூக்கிப் பார்க்க வேண்டாம். தையல் அறும்'
என்று ஹசந்தி செய்தி அனுப்பினார்,
கோபமுகம் இரண்டு சேர்த்து.
எப்படித் தெரிந்ததோ.
எட்டாம் நாள் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

முழுக்க மூடவில்லை.
குறுணி அளவுக்கு வேர் இன்னும் தெரிகிறது.
எண்பது வீதம் என்றார்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு அவ்வளவு வந்ததே இல்லை.

கவுண்டரில் ஒருவரும் கவனிக்கவில்லை.
பரந்தன் லொறிக்காரர் ஐந்நூறு குறைவாக நீட்டினார்,
நான் முழுவாயால் சிரித்து, மிச்சத்தையும் கேட்டேன்.
தந்தார். அவ்வளவுதான்.

நேற்றுப் பின்னேரம் மச்சாள் வந்தாள்.
கதவைச் சாத்தினாள்.
"காட்டடி" என்றாள்.
நெடுநேரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தன் உதட்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கி,
சொல் கோணலாய் வெளியே வர,
"எனக்கும் இந்தப் பக்கம் கூசுது...
அடுத்த சீட்டு எப்ப விழும்?"

நான் டோர்ச்சை எடுத்தேன்.