விழுகிற பல்லுத்தானே

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
இரவு முறை எனக்கு.
பாளம் பாளமாய் இறங்குவதை
அரைக்கிற மெஷினுக்குள் தள்ளுகிறவன்.
விடியற்புறம் சாப்பாட்டுப் பெட்டிக்குள்
ஒரு கைப்பிடி நொறுங்கல்
நிவேஷ்காவுக்கென்று வரும்.
கல்குடா றோட்டில் சைக்கிள் மிதித்து
வீடு சேர்வதற்குள் பாதி தண்ணீர்.
மீதியை அவள் கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தத்தில்தான்
எனக்கு நித்திரை வரும்.

மாசியில் ஒருநாள்
வாயில் போட்ட துண்டைத் துப்பிவிட்டுக்
கன்னத்தைப் பொத்திக்கொண்டு
கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.
அழவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
மேல்வாய் முன்பல் நான்கும்
மண்ணிறத்தில் கரைந்த முளைகள்.
கீழ்க் கடைவாயில் ஒரு குழி,
அதற்குள் நேற்றைய சோற்றுப் பருக்கை.

"விழுற பல்லுத்தானே" என்றாள் சுகந்தினி.
கரும்புள்ளி மட்டும் தெரிந்த காலத்தில்
நானும் அதைத்தான் சொன்னேன்,
கேட்ட எல்லோரிடமும்.

பிறகுதான் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது.
இறைச்சியைச் சூப்பிவிட்டு
கோப்பை ஓரத்தில் வைப்பாள்.
முன்பள்ளியில் போட்டோ எடுக்கும்போது வாயைத் திறக்கமாட்டாள்.
நடுச்சாமத்தில் எழும்பி "காது நோகுது" என்பாள்.
காதுக்குத்தான் மருந்து விட்டோம்.
போன வருசத்துச் சட்டை
இந்த வருசமும் அளவாய் இருக்க,
காசு மிச்சம் என்று சந்தோசப்பட்டோம்.

ஆஸ்பத்திரியில் றிஸ்மியா மிஸ்
அவளுடைய வாயைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தா.
"போத்தல் குடுத்தா படுக்கப் போடுறீங்க?"
ஓம்.
"பாலா?"

எப்படிச் சொல்வது.
அவள் முலை மறந்த வருசம்
கடைகளில் மாப் பெட்டி இல்லாத வருசம்.
சீனி போட்ட பிளேன்ரீயைப் போத்தலில் விட்டு
வாயில் வைத்துவிட்டு
நான் கேஸ் வரிசைக்குப் போன வருசம்.
மா திரும்பி வந்தது.
சீனி போகவில்லை.

"விழுகிற பல்லுத்தானே மிஸ்" என்றேன்,
பழக்க தோசத்தில்.

மிஸ் கோபிக்கவில்லை. சொன்னா:
இதுக்குக் கீழ எலும்புக்குள்ள
அடுத்த பல்லு இப்பவே வளருது.
சீழ் இறங்கினா அதையும் பழுதாக்கும்.
அது வெளிய வர இன்னும் அஞ்சாறு வருசம்.
அதுவரைக்கும் இடத்தப் பிடிச்சி வைக்கிறது
இந்தக் குட்டிப் பல்லுத்தான்.

முழுக்கச் சொல்ல முதல் எனக்கு விளங்கிவிட்டது.
அந்த வருசம் வரிசையில் மனிசர் நிற்கவில்லை,
சிலிண்டர்கள் நின்றன,
கழுத்தில் கயிறு கோத்து,
பெயின்றால் பெயர் எழுதி.
ஒரு இரவு யாரோ என்னுடையதை எடுத்து
மதிலோரம் வைத்துவிட்டான்.
விடிய வந்து பார்க்கிறேன்,
முன்னால் நின்றதும் பின்னால் நின்றதும்
முட்டிக்கொண்டு நிற்கின்றன.
எனக்கு ஒரு இடம் இருந்ததற்கே அடையாளமில்லை.
யாரோடு சண்டை பிடிப்பது?

மூன்று பல்லை அடைத்தார்கள்.
அந்தக் கடைவாய்ப் பல்லை
காப்பாற்ற முடியவில்லை.
இடம் காக்க ஒரு கம்பி வளையம் போடலாமாம்;
அதற்கு மட்டக்களப்புக்குப் போகவேணும்.
திகதி கார்த்திகையில்.

இப்போது போத்தலில் பச்சைத் தண்ணீர்.
மூன்று இரவு ஒழுங்கை முழுக்கக் கேட்க அழுதாள்.
நாலாம் இரவு தானே தூக்கி எறிந்தாள்.
வேலைக்கு வெளிக்கிட முதல்
மடியில் தலையை வைத்து
பட்டாணி அளவு பேஸ்ற்றில் தேய்க்கிறேன்.
இடையில் கடிக்கிறாள்.
கடிக்கட்டும்.

பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றித் தந்திருந்தார்கள்.
கூரையில் எறியச் சொன்னாள் சுகந்தினி,
நல்ல பல்லு முளைக்குமாம்.
கை ஓங்கிவிட்டு நின்றேன்.
விழுந்த பல்லைத்தானே எறிவது?
இது விழவில்லையே.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போனேன்.