துத்தநாகக் களிம்பு

அக்டோபரில் இறக்கினோம்.
திபோரோன் துறைமுகத்துக்கு வெளியே, பன்னிரண்டு மீட்டர் ஆழம்,
இரும்பு முக்காலிக்குள் மல்லாந்த ஒரு கருவி.
அதன் நான்கு கண்களிலும்
சிஸ்ஸெலின் டயப்பர் புண்ணுக்குத் தடவுகிற களிம்பை
விரலால் வழித்துப் பூசினேன்.
கொட்டலசு ஒட்டாது. ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுதான்.
டியூபைப் படகிலேயே விட்டுவந்தேன்,
அன்றிரவு வீட்டில் அதற்கொரு சண்டை.

கண் என்று சொன்னேனே தவிர
எதையும் பார்ப்பதில்லை அது.
சொடக்குப் போடும்.
நீரில் மிதக்கிற தூசியில், மீன்முட்டையில் பட்டுச்
சொடக்கு திரும்பும், சற்றே சுருதி பிசகி.
பிசகின அளவு நீரோட்டம்.
மேலே நீரின் கனம் கூடிக் குறைந்தால் அலை.
நொடிக்கு இரண்டு முறை,
மணிக்கு இருபது நிமிடம்,
பிறகு உறக்கம், பேட்டரி மார்ச் வரை வரவேண்டும்.

ஜனவரிப் புயலில்
அலைத்தடுப்பின் கற்கள் இரண்டு இடம் மாறின,
ஒவ்வொன்றும் ஐந்து டன்.
எத்தனை உயரம் அடித்தது என்று
நகராட்சியிலிருந்து பிரேபென் கேட்டார்.
கீழே கிடப்பதற்குத்தான் தெரியும் என்றேன்.

மார்ச்சில் போய்க் கூப்பிட்டோம்.
பதில் ஒலி வந்தது, மிதவை வரவில்லை.
முக்குளித்த தோர்தே மேலே வந்து
முகமூடியைக் கழற்றாமலே
உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள்.
கவிழ்ந்து, பாதி மணலுக்குள்.

புயல் இரவு இரண்டு பதினேழு வரை எல்லாம் சரி.
ஆறு மீட்டர். ஏழு. ஏழரை.
பிறகு சாய்வுமானியில் ஒரு துள்ளல்,
அங்கிருந்து ஒன்பது வாரம்
நொடிக்கு இரண்டு முறை
மணலிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது,
எந்தப் பக்கம் போகிறாய், என்ன வேகம்.
மணல் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது
இங்கேதான்.
இங்கேதான்.

கனம் மட்டும் மணலைத் தாண்டி வந்திருந்தது,
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுகிற மாதிரி.
அதைக் கூட்டிக் கழித்து
ஒன்பது இருக்கலாம் என்றேன்.
அந்த ‘லாம்’ எதற்கு, அதற்கு மேல் நான் கல் அடுக்கவேண்டும்
என்றார் பிரேபென்.
என்னிடம் இருந்தது அதுதான்.

வெந்நீர் விட்டுச் சட்டத்தைக் கழுவினேன்.
காலெல்லாம் கொட்டலசு,
பூட்டுக்குள் சுண்டுவிரல் நகமளவு ஒரு நண்டு.
நான்கு கண்களிலும்
என் விரல் போன தடம் மாறாமல்
வெள்ளை.