காலி எடை

எர்ணாவூரில் லாரி எடைமேடையில் எனக்கு வேலை.
லோடு எடையில் காலி எடையைக் கழித்தால் சரக்கு.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கணக்குத் தெரியாது.
லாரி வராத மதியத்தில் நானே ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
மருந்துக்கடை மிஷினில் அறுபத்து நாலு.
மிச்ச நாலு கிலோவை எங்கே வைப்பதென்று
அன்று முழுக்க யோசனை.

வெள்ளம் வந்த ராத்திரி ஆட்டோ ஷெட்டுக்குள் நின்றது.
தண்ணீர் நாலு நாளில் வடிந்தது.
அதில் மிதந்து வந்த எண்ணெய் வடியவில்லை.
மூன்று சுவரிலும் முட்டி உயரத்தில்
நூல் பிடித்து அடித்த மாதிரி ஒரு கருப்புக் கோடு.
ஆட்டோவின் மஞ்சளிலும் அதே மட்டத்தில் அதே கோடு.
அமலன் ஒரு வாரம் லிவரை இழுத்துப் பார்த்தார்.
மெக்கானிக் சாதிக் பாய் என்ஜினைத் திறந்தார், மூடினார்,
டீயை மட்டும் குடித்துவிட்டுக் காசு வாங்காமல் போனார்.
அப்போதே தெரிந்துவிட்டது.

பழைய இரும்புக்கு அது போனதும்
எங்கள் மேடை வழியாகத்தான்.
வேனோடு ஒருமுறை, வெறும் வேன் ஒருமுறை.
முந்நூற்று நாற்பது.
சரக்கு என்ற இடத்தில்
ஆட்டோ என்று நானே தட்டினேன்.
ரசீதின் நகல் என் டிபன் பையில் இருக்கிறது.

ஷெட்டை வாடகைக்கு விடு, கோழிக்கடைக்காரர்
மூவாயிரம் தருகிறார் என்றாள் நாத்தனார் பிலோமி.
நல்ல காசுதான்.
நான் துறைமுகத்தில் கழித்துப்போட்ட
கன்வேயர் பெல்ட்டில் இரண்டு துண்டு வாங்கி
தரையில் விரித்தேன்.
எத்தனை கழுவியும் உள்ளங்கால் கரியாகிறது.
கம்பி, வெல்டர் இசக்கி கொடுத்தது, பதினொரு கிலோ.
லாரி ஃப்ளைவீல் இரண்டு, பத்தொன்பது பத்தொன்பது.
சின்னது இரண்டு, ஒன்பதரை, ஒன்பது.
ஜெபமாலை அக்காவின் மீன் தராசில் நிறுத்தியது.
குறைகிற அரைக்கிலோவுக்கு
ஒரு பை நட்டு போல்ட்டை அந்தப் பக்கம் கட்டினேன்.
முதல் மாதம் கம்பி நடந்தது, நான் பின்னால் போனேன்.

குழாயடியில் பேசினார்கள்.
ரெண்டு குடத்தை ரெண்டு மாடி ஏற்றினால் வேலையாம்,
ஒரு கம்பியை ஏற்றி இறக்கினால் கொழுப்பாம்.

பஸ்கிக்கு அந்தக் கோடுதான் அளவு.
இடுப்பு கருப்புக்குக் கீழே போய்
எழுந்தால்தான் ஒன்று.
பக்கத்து வீட்டு ஜெரிக்கு ஒன்பது வயது, அவன்தான் நடுவர்.
தரையில் கன்னம் வைத்துக் கோட்டைப் பார்ப்பான்.
'செல்லாதுக்கா.'
கெஞ்சினாலும் செல்லாது.
கடலை மிட்டாய் கொடுத்தாலும்
தின்றுவிட்டு, செல்லாது.

ரெண்டு கிலோ கூடினேன்.
மேடை இப்போது எழுபது என்கிறது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை
எல்லாத் தட்டையும் மாட்டி, அறுபத்தெட்டு,
ஐந்து முறை இறங்கி ஏறினேன்.
ஐந்தும் செல்லும் என்றான் ஜெரி,
அவனுக்கே கொஞ்சம் வருத்தம்.
மறுநாள் சிமெண்ட் லாரி ஒன்றுக்கு ரசீது கிழிக்கும்போதுதான்
ஐந்தை அறுபத்தெட்டால் பெருக்கிப் பார்த்தேன்.
டிபன் பையைத் திறந்து
இன்னொரு தடவை பார்த்தேன்.

அமலனிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
இப்போது ஓட்டுவது வாடகை வண்டி,
ராத்திரி முதலாளி வீட்டு வாசலில் விட்டுவிட்டு
நடந்து வருகிறவர்.
சோற்றைப் பிசைந்தபடி
ஸ்டெப்னியோடவா, ஸ்டெப்னி இல்லாமலா என்றார்.
ஸ்டெப்னியோட, என்றேன்.

நேற்று பதினொரு மணிக்கு ஷெட்டில் விளக்கு எரிந்தது.
லுங்கியை மடித்துக் கட்டி
தட்டு இல்லாத வெறும் கம்பியைத் தோளில் வைத்து
ஆட்டோ நின்ற இடத்தில் நின்றிருந்தார்.
மெதுவாக இறங்கினார்.
கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டார்.
கால் நடுங்கியது. இன்னும் இறங்கலாம், இறங்கவில்லை.
கீழே தண்ணீர் அப்படியே இருப்பதுபோல்
குனிந்து பார்த்துக்கொண்டே எழுந்தார்.

ஜெரி தூங்கப் போயிருந்தான்.
நான், ஒன்று, என்றேன்.